பெட்டியில் வந்த தாய்மாமன்

ஆடி 20, புதன்

லே கருவண்டு, உன்னைச் செய்து கொடுக்கிற கடை ஒன்றை உன் அத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

உன் அக்காள் இந்துவின் மகள் நிலானிக்கு ஆவணி பதினாலில் காதுகுத்து. பதினோராவது மாதம் நடக்கிறது. ஒற்றைப்படை மாதத்தில் குத்த வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் வைகாசி மாதம் பார்சல் மூட்டையோடு பைபாஸ் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். இந்துவுக்கு இன்னொரு தம்பியை நான் பெற்று வைக்கவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை சாத்தூரிலிருந்து வந்து உட்கார்ந்தார். காப்பி ஆறுகிற வரைக்கும் மொபைலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"அத்த, மணி போட்டோ நாலஞ்சு, அவன் பேசுன வாய்ஸ் கொஞ்சம். அது போதும். அவனே வந்து நின்னு பேசுற மாதிரி வீடியோ பண்ணிக் குடுத்துருவாங்க. மண்டபத்துல எல்லாம் இப்ப இதான் அத்த. செத்த அப்பா வந்து பொண்ணுக்குத் தாலி எடுத்துக் குடுக்காரு."

"யாரு பண்ணிக் குடுப்பா?"

"கம்பெனி."

"எந்த ஊருல இருக்கு?"

"ஊருன்னு இல்ல அத்த. ஆன்லைன்."

பால்காரன் வீடு எந்தத் தெரு என்று தெரியாமல் நான் பால் வாங்கினதில்லை. ஊர் இல்லாதவனிடம் பிள்ளையை வாங்கச் சொல்கிறார்.

என் அக்கா மகன் சீனிப்பாண்டி முறைக்குத் தாய்மாமன்தானே, அவன் மடியில் வைக்கலாமே என்றேன். இந்துவுக்கு அது ஆகவில்லையாம். தம்பி இடத்தில் இன்னொருத்தனை உட்காரவைக்க மாட்டாளாம். டிவியை உட்காரவைப்பாளாம்.

ஆடி 22, வெள்ளி

ரேசன் கடையில் மெஷின் என் கட்டைவிரலை ஏற்றுக்கொள்ளவில்லை. கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு சூட்டில் ரேகை தேய்ந்துவிட்டதாம். துடைத்து வைத்தேன், எச்சில் தொட்டு வைத்தேன். "உங்க விரல் உங்களோடது இல்லங்குது, ஆச்சி" என்றான் கடைக்காரன். அவனுக்குச் சிரிப்பு வேறு.

உயிரோடு எதிரே நிற்கிறவளை யார் என்று தெரியாத மெஷின், செத்தவனை அச்சு அசலாகச் செய்து கொடுக்கப் போகிறதாம். அரிசி வாங்காமல் வந்தேன்.

ஆடி 24, ஞாயிறு

இந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், காதுகுத்து வரைக்கும் இருப்பதாக. வந்ததும் ஒன்றும் கேட்கவில்லை. பாத்திரம் விளக்கினாள். அவள் தானாகப் பாத்திரம் விளக்கினால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம்.

அவளிடம் உன் குரல் இல்லை. இருந்தது. ஆனி மாதம் பழைய மொபைலைக் கொடுத்துப் புதியது வாங்கினார்களே, அந்தக் கடையில் கழுத்தில் அட்டை மாட்டின பையன் ஒருவன், "எல்லாமே புதுசுல வந்துரும்க்கா, நான் கேரண்டி" என்று சொல்லியிருக்கிறான். வந்ததெல்லாம் கேஸ் புக் பண்ணின மெசேஜ்தான். நீ அவளுக்குப் பேசி அனுப்பினது ஒன்றும் வரவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது அந்தப் பையன் அங்கே இல்லை, வேறு கடைக்குப் போய்விட்டானாம். கேரண்டியும் அவனோடு போய்விட்டது.

ஆகவே உன் மொபைல்தான் மிச்சம். அது என்னிடம் அரிசித் தகர டப்பாவில் இருக்கிறது.

"குடும்மா. பத்து நொடி போதும்."

"அதுல என்ன இருக்கு? வர லேட்டாகும், சாப்பாடு எடுத்து வைக்காதன்னு இருக்கு. அத வச்சு என்னத்தச் செய்வான்?"

"எதப் பேசுனாலும் குரல் குரல்தானம்மா. அதுல இருந்து எடுத்துப்பாங்க."

"எடுத்துக்கிட்டு?"

"வேல முடிஞ்சதும் அழிச்சுருவாங்க. அப்படித்தான் போட்டிருக்கு."

நீ செத்த மூன்றாம் நாள் உன் பார்சல் கம்பெனி உன் மொபைலுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியது. வணக்கம் சுடலைமணி, சொல்லாமல் விடுப்பு எடுத்ததால் உங்கள் நட்சத்திரங்கள் குறைக்கப்பட்டுள்ளன என்று. அதிலும் எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருந்தது. கீழே கை கூப்புகிற படம்கூட இருந்தது. போட்டிருக்கிறதை நம்புகிறவள் நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். இந்து அழுதாள். பிள்ளையும் சேர்ந்து அழுதது.

ஆடி 27, புதன்

உன் மொபைல் சார்ஜ் இல்லாமல் கிடந்து கெட்டுவிடும் என்று சார்ஜில் போட்டேன். வேலைக்குப் போகிற அவசரத்தில் பிரிட்ஜ் மேலேயே மறந்துவிட்டேன்.

ஆடி 28, வியாழன்

அனுப்பிவிட்டார்கள். உன் அக்காளுக்கு அந்தப் பூட்டின் கோலம் தெரியும்தானே, விரலால் இழுத்துத் திறந்து, உன் நம்பரிலேயே கணக்கு ஆரம்பித்து, போட்டோ, குரல் எல்லாம் போய்விட்டது. "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு கட்டத்தைத் தட்டச் சொன்னதாம். பக்கம் பக்கமாக எழுத்து, இவள் படிக்கவில்லை.

"என்னத்த ஒப்புக்கிட்ட?"

"எல்லாரும் தட்டுறதுதாம்மா."

எல்லாரும் தட்டுகிறது என்றால் எல்லாரும் திறந்து போட்ட வீடு என்று அர்த்தம். கத்தினேன். பக்கத்து வீட்டு குருவம்மாள் சுவரைத் தட்டுகிற அளவுக்குக் கத்தினேன். பிறகு ரசம் வைத்தேன்.

ஆவணி 1, திங்கள்

டிவி வாங்கப் போனோம். கோயிலில் வைத்துக் காட்ட வீட்டு டிவி பத்தாதாம், எப்படியும் பெரிதாக ஒன்று வாங்க இருந்தார்களாம்.

அந்தக் கடையை நீ பார்க்க வேண்டும். பார்த்திருப்பாய், பார்சல் போட்டிருப்பாய். உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி குளிர். சுவர் முழுக்க டிவி, அத்தனையிலும் ஒரே மீன். சிவப்பும் மஞ்சளுமாக அப்படி ஒரு மீன். எந்த வீட்டுக்கும் அந்த மீன் வந்ததில்லை. வீட்டுக்கு வந்தால் அழுகிற மாமியார்தான் வருவாள்.

டை கட்டின ஒருவன் வந்தான். மாப்பிள்ளையிடம் மட்டும் பேசினான். என் பக்கம் திரும்பவே இல்லை, நான் கடையைக் கூட்ட வந்தவள் என்று நினைத்தானோ என்னவோ.

"சார், மூணு வருசம் வாரண்டி. கூட ரெண்டு வருசம் எக்ஸ்ட்ரா எடுத்துக்கோங்க சார். எல்லாரும் எடுப்பாங்க."

நான் கேட்டேன். "ஏன் தம்பி, மூணு வருசத்துல கெட்டுப்போகும்னு உங்களுக்கே தெரியுமா?"

"அப்படி இல்லம்மா. ஒரு சேஃப்டிக்கு."

"யாருக்கு?"

மாப்பிள்ளை என்னைக் கூட்டிப்போய் மிக்ஸிகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். கடையை விட்டு வெளியே வருவதற்குள் அவர் மொபைல் கூவியது. கடையைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டுமாம், எத்தனை நட்சத்திரம் என்று. பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அவர் ஐந்தும் போட்டார். ஏன் என்றேன். "போடலேன்னா திரும்பத் திரும்ப வரும் அத்த." ஊரே இப்படித்தான் ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டிருக்கிறது போல, தொல்லை விட்டால் போதும் என்று. அதைப் படித்து இன்னொருத்தன் வாங்குகிறான்.

ஆவணி 4, வியாழன்

நீ வந்தாய். இந்துவின் மொபைலில்.

நான் பார்க்க மாட்டேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தது பார்த்ததாகாது.

வெள்ளைக்காரன் மாதிரி ஒருவன் நின்றான். கோட்டு போட்டிருந்தான். உன் மூக்குதான், ஆனால் மாவில் புரட்டி எடுத்த மாதிரி நிறம். கையைத் தூக்கி, "அக்கா, நீங்களும் மாமாவும் நீடூழி வாழ என் ஆசீர்வாதம். அம்மா, கவலைப்படாதீங்க" என்றான். செய்தி வாசிக்கிறவன் தோற்றான்.

இந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"எவன்டி இவன்? தம்பிக்காரன் அக்காளுக்கு ஆசீர்வாதம் பண்ணுவானா? பெத்தவளுக்குப் பண்ணுவானா? வயசுல சின்னவன் கால்ல விழணும். இது கூடத் தெரியாதவன் வீடியோ எடுக்கான்."

"அது அப்பா தாத்தாவுக்குப் பண்ற மாடல் அத்த. மாத்திக்கலாம்" என்றார் மாப்பிள்ளை.

"மணிக்கு நீடூழின்னு ஒரு வார்த்த தெரியும்னு அவன் சத்தியம் பண்ணுவானா? அம்மாங்கான். எம்பிள்ள என்னைக்கி அம்மான்னு கூப்பிட்டான், யம்மாம்பான். அதும் 'ம்மா'வ இழுப்பான், காசு கேக்கணும்னா இன்னும் இழுப்பான். கறுப்பா இருந்தவன எதுக்கு வெள்ளையடிக்கான், சுவரா?"

மாப்பிள்ளை நான் திட்டினதையெல்லாம் மொபைலில் தட்டிக்கொண்டிருந்தார். "சொல்லுங்க அத்த, இன்னும் சொல்லுங்க" என்றார். நானும் சொன்னேன். சிரிக்கும்போது இடது கண் சுருங்கும். நின்றால் ஒரு காலில்தான் நிற்பான். எவ்வளவு கேவலமாகச் செய்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன்.

ஆவணி 8, திங்கள்

அந்தக் கம்பெனியில் பிரியா என்று ஒருத்தி இருக்கிறாள். எழுத்திலேயே பேசுகிறாள். இந்து வாசித்துக் காட்டினாள். "உங்கள் வருத்தத்தில் பங்குகொள்கிறேன். திருத்தம் நடைபெறுகிறது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

"இவளுக்கு எத்தன பிள்ளன்னு கேளு."

"யம்மா, அது ஆளே இல்ல. மெஷின்."

"மெஷினுக்கு எதுக்குடி பிரியான்னு பேரு? வருத்தத்துல பங்கு கேக்கா? அவ பங்க அவளுக்குக் குடுத்துட்டா மிச்சம் எனக்கு எவ்வளவு வரும்னு கேளு."

இந்து கேட்கவில்லை.

ஆவணி 9, செவ்வாய்

திருத்தினது வந்தது. நிறம் சரி. இட்லி மாவு புளித்துவிட்டது, ஊற்ற மறந்துவிட்டேன்.

ஆவணி 14, ஞாயிறு

விடிந்ததும் கோயிலுக்குப் போய்விட்டோம். காப்பரிசி நான்தான் கிளறினேன், வெல்லம் கொஞ்சம் கூடிவிட்டது. பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசினார்கள். பிறகு டிவியை மேசையில் ஏற்றினார்கள். ஜெனரேட்டர் வாடகைக்கு வந்திருந்தது. சம்பந்தி டிவிக்கு மாலை போடப் போனார். "மால போட்டா செத்தவன்னு ஆயிரும்" என்று யாரோ தடுத்தார்கள். சரி என்று நாலு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். ஆயுத பூஜைக்கு லாரிக்கு வைப்பது மாதிரி. இந்து தாம்பாளத்தை டிவிக்கு முன்னால் வைத்து வெற்றிலை பாக்கை நீட்டினாள். டிவி வாங்கிக்கொள்ளவில்லை.

சீனிப்பாண்டி வந்திருந்தான். சீர்த்தட்டை ஓர் ஓரமாக வைத்துவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

அந்த வீடியோ கம்பெனிக்காரன் ஆப்பில்தான் ஓடுமாம். நாம் எடுத்து வைத்துக்கொள்ள முடியாதாம். காட்டுக்கோயிலில் டவர் எங்கே கிடைக்கும்? மாப்பிள்ளை உன் மொபைலைப் பிடித்துக்கொண்டு தண்ணித்தொட்டி மேல் ஏறி நின்றார். டிவியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊர் மொத்தமும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஆறுமுக ஆசாரி கம்பியைக் கையில் எடுத்துவிட்டார்.

"நேரம் போவுது தாயி. புள்ளய யாரு மடியில வைக்கிய?"

இந்து டிவியைக் காட்டினாள். முன்னால் ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தாள். அதில் பிள்ளையை உட்காரவைத்து, பின்னால் நீ நிற்பாயாம்.

"பெட்டிக்கு மடி இருக்கா? புள்ள தலய ஆட்டுனா பிடிக்கக் கை இருக்கா? கண்ணுல கின்னுல பட்டா நீங்களா பதில் சொல்லுவிய? ஆளு வேணும் எனக்கு."

எல்லாரும் சீனியைப் பார்த்தார்கள். அவன் அசையவில்லை. "மாமன் மொறையெல்லாம் டிவிக்குக் குடுத்தாச்சே. எனக்குக் கறிச்சோறு மட்டுந்தான். எத்தன மணிக்குப் பந்தி?"

மாப்பிள்ளை தொட்டி மேலிருந்து, "ஒரு நிமிசம், ஒரு நிமிசம், ஒரு புள்ளி வந்துருச்சு" என்று கத்தினார். பிள்ளை பசியில் அலற ஆரம்பித்துவிட்டது. நான் போய் முக்காலியில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

சம்பந்தியம்மாள் பக்கத்தில் வந்து மெதுவாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சுமங்கலியாப் பாத்து உக்காந்தா நல்லாருக்கும்" என்றாள்.

"டிவி என்ன சுமங்கலியா, மதினி?" என்றேன். அதோடு போய்விட்டாள்.

ஆசாரி வலது காதைப் பிடித்தார். நான் பிள்ளையின் தலையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தேன். கம்பி உள்ளே போனது, பிள்ளை மூச்சை இழுத்தது, அழுகை இன்னும் வெளியே வரவில்லை. அந்த நேரம் பார்த்து டவர் வந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் இருந்து, "யம்மா, நான் எங்கயும் போகலம்மா. இங்கனதான் இருக்கேன்" என்று கேட்டது.

ஆசாரி நிமிர்ந்து பார்த்தார். "என்ன தாயி, என்னமோ சொன்னியளே?"

"ஒண்ணுமில்ல. தொண்ட கமறுச்சு."

"யாரையோ கூப்பிட்டாப்புல இருந்துச்சு."

"அந்தக் காதக் குத்தும்" என்றேன்.

கறியில் உப்பு இல்லை. வந்தவர்கள் அழுதுகொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஆவணி 15, திங்கள்

டிவி சாத்தூர் காரில் ஏறவில்லை. ஆள் பிடித்து எடுத்துக்கொண்டு போகிறவரைக்கும் என் வீட்டில் இருக்கட்டும் என்று இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இடத்தை அடைக்கிறது. தூசி படாமல் பழைய சேலையைப் போர்த்தி வைத்தேன். வழியில் குலுங்கினதே, கெட்டிருக்கிறதா என்று பார்க்க, மாப்பிள்ளை காட்டிக்கொடுத்த மாதிரி உன் மொபைலை வைத்து ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாம் தடவையும் நன்றாகத்தான் இருந்தது.

ஆவணி 19, வெள்ளி

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குருவம்மாள் வந்து மொபைலை நீட்டினாள். அவளும் நானும் ஒரே கம்பெனியில்தான் மிட்டாய் கவர் போடுகிறோம்.

"யக்கா, இது நம்ம மணி இல்ல?"

நீதான். அதே சட்டை, அதே ஒற்றைக்கால். "யம்மா, நான் எங்கயும் போகலம்மா. இங்கனதான் இருக்கேன்." அதற்குக் கீழே கம்பெனி பேர். "பிரிந்தவரை மீண்டும் அழைத்துவர இங்கே தொடுங்கள்." சோப்புத்தூள் விளம்பரம், அதற்கடுத்து நீ, அதற்கடுத்து ஆட்டுரல் கிரைண்டர்.

"எங்க மதுர சித்தி அனுப்புனாக்கா. அவுக மகனும் போயிட்டான்ல போன வருசம். இதத்தான் தினமும் போட்டுப் பாக்காகளாம். யாரு பெத்த பிள்ளையோ, யம்மான்னு கூப்பிடுறது எம்பிள்ள கூப்பிட்ட மாதிரியே இருக்குங்காக."

அந்த யம்மாவை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று குருவம்மாளுக்குத் தெரியாது. கையில் பாகு ஒட்டியிருந்தது, கழுவப் போய்விட்டேன்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர் அந்தக் கம்பெனி பக்கத்தைத் தேடிப் படித்தார். பிறகு, "அந்த ஒப்புக்கொள்கிறேன்ல இருந்திருக்கு அத்த. மாதிரிக்குக் காட்டலாம்னு. நான் படிக்கல" என்றார்.

"ஊரு இல்லாதவன்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க அத்த."

பாவம், அவரை என்னத்தைத் திட்ட. திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்காமல் பிரியாவைக் கூப்பிடச் சொன்னேன். எங்கள் வருத்தத்தில் பங்குகொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆவணி 22, திங்கள்

பிரியா பதில் எழுதிவிட்டாள். கணக்கு உன் நம்பரில் இருப்பதால் உன் மொபைலுக்கே வந்தது. குருவம்மாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு நானும் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

விளம்பரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்றால் மொத்தமாகத்தான் நீக்க முடியுமாம். விளம்பரம், குரல், காதுகுத்துக்குச் செய்தது, எல்லாம் சேர்ந்து போய்விடும். திரும்பக் கிடைக்காது. கீழே இரண்டு கட்டம். நீக்குக என்று ஒன்று, வேண்டாம் என்று ஒன்று. இரண்டுக்கும் ஒரே பச்சை நிறம், கத்தரிக்காய்க்கடைக்காரன்கூடச் சொத்தையைத் தனியாக வைப்பான்.

இந்து, "யம்மா, ஒன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்கிறாள். சொல்லாமல் இருக்கிறதுக்கு எதற்குப் போன் போட்டாளோ. அழுகிறது கேட்டது. குருவம்மாள் வேறு, "எங்க சித்திக்கு என்னத்தச் சொல்ல?" என்கிறாள். அந்த மதுரைக்காரி யார் எவள் என்றே எனக்குத் தெரியாது. அவள் பெறாத பிள்ளையை நான் ஏன் அவளுக்கு விட்டுவைக்க வேண்டும்? போய் அவள் பிள்ளையை நினைத்து அழட்டும்.

நீக்கு என்று அமுக்கினால் நீக்கிவிடுவானா என்பதும் தெரியாது. வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம் என்று சொன்னவன்தானே. என் டிவியில் இருக்கிறதை மட்டும் அழித்துவிட்டு, சோப்புத்தூளுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் உன்னை நிறுத்திவைத்துக்கொண்டே இருந்தால் நான் எந்த ஊருக்குப் போய்க் கேட்பேன்?

நீ நிஜமாகப் பேசி அனுப்பினது எல்லாம் இந்த மொபைலில் பத்திரமாகத்தான் இருக்கிறது. வர லேட்டாகும். சாப்பாடு வேண்டாம். கதவைத் தாழ்ப்பாள் போடாதே. அது போதும் எனக்கு. அதில் ஒன்றில்கூட நீ எங்கேயும் போகவில்லை என்று சொல்லவில்லை. சொல்கிறவனாக நீ இருந்ததும் இல்லை. அதைச் சொன்னது எவனோ. எனக்குத் தெரியாதா?

சோறு வடித்தாயிற்று. கை துடைத்தாயிற்று. மொபைல் முன்னால் இருக்கிறது, வெளிச்சம் அணைந்தால் தட்டி எழுப்புகிறேன்.

ஆஸ்பத்திரியில் உன் மேல் துணியை இழுத்து மூடலாமா என்று என்னிடம்தான் கேட்டார்கள். தலையை ஆட்டினேன். இப்போது இவனும் என்னிடம்தான் கேட்கிறான். நீ சொல்லுலே கருவண்டு, உன்னை நான் இன்னொரு தடவை போகச் சொல்லணுமா?